கோழிக்கரு ஆய்வுக்கூடத்தில் எட்டு மாதம்: கோளாறு என் கையிலா, வேறெங்காவதா?

பொருநை | மே 6, இரவு 11:20

வணக்கம். ஒரு வருடமாக இங்கே எல்லாருடைய பதிவுகளையும் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். (உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தமிழ்நாட்டுக்குள்தான். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தது திருநெல்வேலிப் பக்கம். அங்கே கருவியல் செய்முறை என்றால் சாயமேற்றிய ஸ்லைடுகள்தான். 24 மணிக் கோழிக்கரு, 48 மணி, 72 மணி. பார்த்து வரைந்து பாகம் குறித்தால் மார்க். உயிரோடு இருக்கும் கருவை முதலில் பார்த்தது இங்கே சேர்ந்த இரண்டாவது வாரம். முட்டை ஓட்டில் சீனியர் அக்கா வெட்டிய சன்னல் வழியே குனிந்து பார்த்தால், நிறமே இல்லாத ஒரு சின்னக் குழல் துடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் இன்னும் சிவக்கவில்லை, அதற்குள் இதயம் அடிக்கத் தொடங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஆச்சி அடைக்கோழிக்குப் பதினைந்து முட்டை வைப்பாள். கூடைக்குள் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கிடக்கும், இடிச் சத்தம் முட்டையைக் கெடுக்காதிருக்க. ஏழெட்டு நாள் கழித்து ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்து, "இது கூமுட்டை" என்று தனியே எடுத்து வைப்பாள். அந்த ஓட்டுக்குள் என்ன தெரிகிறது என்று அவளை நச்சரித்தவள் நான். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். படுக்கை வாட்டத்தில் 36 மணி நேரம் அடைகாத்த முட்டையை எடுத்து, மழுங்கிய முனையில் ஊசி இறக்கி மூன்று நாலு மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சுகிறேன். கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். மேலே டேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் சன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் கறுப்பு மை செலுத்தினால் கரு பளிச்சென்று தெரியும். பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப் போகிற நரம்புக்குழலுக்குள், ஒளிரும் புரதத்தை உண்டாக்கும் டி.என்.ஏ.வைப் பச்சைச் சாயம் கலந்து கண்ணாடி ஊசியால் ஊதிவிட்டு, இரு பக்கமும் மின்முனை வைத்து, 50 மில்லிசெகண்ட் வீதம் ஐந்து மின்துடிப்பு. டி.என்.ஏ. எதிர்மின் கொண்டது, ஆகவே நேர்முனை இருக்கும் பக்கத்துச் செல்களுக்குள் மட்டும் போகும். அந்தப் பக்கம் ஒளிரும், மறு பக்கம் தொடாத பக்கம். ஒரே கருவுக்குள் சோதனையும் ஒப்பீடும் கிடைத்துவிடும்.

படிக்க நன்றாக இருக்கிறது இல்லையா? மறுநாள் திறந்தால் பத்தில் ஏழு செத்துக் கிடக்கிறது. வோல்ட்டைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், ஊசி முனையை மெல்லிதாக்கினேன். ஐந்து மாதமாக இதே கதை. போன வாரம் வழிகாட்டி கூப்பிட்டு, "உனக்கு இந்தக் கை வராதும்மா, பேசாமல் செல் கல்ச்சருக்கு மாறிக்கொள்" என்று சொல்லிவிட்டார். கருவை விட்டுவிட்டுத் தட்டில் செல் வளர்க்கும் வேலை அது.

கை என்பது பழகினால் வருமா, இல்லை சிலருக்கு வரவே வராதா? இந்தத் துறையில் வருடக்கணக்காக இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.


மஞ்சள்கரு | மே 7, காலை 5:45

பொருநை, நான் பதினோரு வருடமாகக் கோழிக்கருவில் இருக்கிறேன். இரண்டு நாட்டில், மூன்று ஆய்வுக்கூடத்தில். உன்னை "நீ" என்று எழுதுகிறேன், தங்கை மாதிரி நினைத்து.

உன் பதிவை இரண்டு முறை படித்தேன். வோல்ட் இருக்கிறது, ஊசி முனை இருக்கிறது, உன் கை இருக்கிறது. எதையுமே செய்யாமல் மூடி வைத்த முட்டை எங்கே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சன்னல் மட்டும் வெட்டி டேப் போட்டு மூடிய முட்டை எத்தனை பிழைத்தது? மை மட்டும் செலுத்தியது எத்தனை? இந்த எண்கள் தெரியாமல் கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, உன் வழிகாட்டியும் சேர்த்துத்தான்.

இன்னும் மூன்று கேள்வி.

முட்டை எங்கிருந்து, எப்படி வருகிறது? நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் முட்டை சேவல் சேராத கோழி போட்டது, அதில் கரு இருக்காது. அது உனக்கே தெரியும். ஆனால் கருவுள்ள முட்டை உயிருள்ள சரக்கு. பதினைந்து டிகிரி வாக்கில் வைத்தால் ஒரு வாரம் தூங்கும். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் அடைகாப்பதற்கு முன்பே கரு அரைகுறையாக எழுந்துகொள்ளும், அப்புறம் ஏசி அறையில் திரும்ப அடங்கும். எழுந்து அடங்கி எழுந்த கரு உறுதியாக இருக்காது. அதோடு நீ 36 மணி என்று நினைப்பது ஒன்றில் 30 ஆகவும் இன்னொன்றில் 42 ஆகவும் இருக்கும்.

இரண்டாவது, நிலையை எப்படிப் பார்க்கிறாய்? மணிக்கணக்கை நம்பாதே. ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1951-இல் கோழிக்கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்து வைத்தது இதற்காகத்தான். முட்டைக்கு முட்டை வேகம் வேறு, ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டுக் கருவைப் பார் என்றுதான் அவர்கள் செய்தார்கள். சோமைட்டை எண்ணு, அதாவது நரம்புக்குழலின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக உருவாகும் திசுக் கட்டிகளை. பத்து ஜோடி இருந்தால் பத்தாம் நிலை. பதின்மூன்று என்றால் பதினொன்றாம் நிலை. ஒன்றரை மணிக்கு ஒரு ஜோடி கூடும்.

மூன்றாவது, மை. என்ன மை, எந்தக் கடை? இதை மறக்காமல் சொல்.


ஈக்கூடம் | மே 7, காலை 9:10

மஞ்சள்கரு அக்கா சொல்வதை அப்படியே கேளுங்க. நான் பெங்களூருவில் பழ ஈ ஆய்வுக்கூடத்தில் ஆறாம் வருடம்.

கை வருமா வராதா என்று கேட்டீங்க. நான் சேர்ந்தப்ப லார்வாவைப் பிரித்து இறகுத் தட்டை எடுக்கச் சொன்னாங்க. இறகுத் தட்டு என்றால் பின்னாளில் ஈயின் இறகாகப் போகிற ஒரு சின்னச் செல் பை. இரண்டு சாமணம், ஒரு சொட்டு உப்புநீர். ஒன்றால் வாய்க்கொக்கியைப் பிடிக்கணும், இன்னொன்றால் உடம்பைத் தள்ளிச் சட்டையைப் புரட்டுகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே எடுக்கணும். முதல் வாரம் முழுக்க நான் எடுத்தது கொழுப்புத் துண்டு. நாலாம் மாதம் ஒரு மணி நேரத்தில் முப்பது எடுத்தேன். கை வந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. என்னைக் கேட்டா கண்தான் முதலில் வந்துச்சு. மூச்சுக்குழலுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி மடிந்து இருக்கும் தட்டு எது, கொழுப்பு எதுன்னு கண் பிரித்த பிறகுதான் விரல் அங்கே போச்சு.

1978 வாக்கில் ஹைடெல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ்னு இரண்டு விஞ்ஞானிகள் ஒரே மைக்ரோஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கருவைப் பார்க்கிற மாதிரி அமைத்துக்கொண்டாங்க. ஆயிரக்கணக்கான ஈ வம்சங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுக் கோளாறு. கரு எங்கே கோணலாச்சு, உடம்பில் எந்தக் கண்டம் காணாமல் போச்சு, எந்த முள்வரிசை திரும்பிக் கிடக்குன்னு இரண்டு பேரும் பேசிப் பேசி முடிவு பண்ணினாங்க. 1995 நோபல் அதுக்குத்தான், எட் லூயிஸ்னு இன்னொரு ஈ ஆய்வாளரோடு சேர்த்து. கோணலை அடையாளம் காண நேராக இருப்பதை மனப்பாடமாத் தெரிஞ்சிருக்கணும். உங்க ஆய்வுக்கூடத்தில் உங்களோடு யாராவது உட்கார்ந்து ஒரே கருவைப் பார்த்திருக்காங்களா?


பொருநை | மே 7, மாலை 7:35

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. பதில்களைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் எதற்கும் என்னிடம் எண் இல்லை.

மூடி வைத்த முட்டை என்று ஒரு தட்டு நான் வைத்ததே இல்லை. வாரம் ஒரு அட்டைதான் வரும், முப்பது முட்டை. "ஒப்பீட்டுக்கு என்று முட்டையை வீணாக்காதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் முப்பதையும் திறந்துவிடுவேன்.

முட்டை வருவது பஸ்ஸில். பண்ணைக்காரர் காலையில் ஏற்றிவிடுவார். இங்கே பஸ் ஸ்டாண்டில் பார்சல் அறையில் கிடக்கும். எங்கள் அட்டெண்டர் அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் எடுத்து வருவார். பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். நேராக அடைகாக்கும் பெட்டிக்குள் போகும்.

மை எனக்கு முந்தின மாணவர் விட்டுப்போன புட்டி. அது தீர்ந்ததும் டிசம்பரில் ஸ்டேஷனரிக் கடையில் நான்தான் டிராயிங் இங்க் வாங்கினேன். கறுப்பு மைதானே என்று நினைத்தேன்.

யாரும் என்னோடு உட்கார்ந்து பார்த்ததில்லை, அண்ணா. சீனியர் அக்கா இரண்டு நாள் காட்டிக் கொடுத்துவிட்டு ஆய்வேடு எழுதப் போய்விட்டார்.


மஞ்சள்கரு | மே 7, இரவு 10:50

டிசம்பர் என்றாயே, அதைக் கவனித்தாயா? ஐந்து மாதமாகச் சாகிறது என்று எழுதியிருக்கிறாய். இன்று மே 7.

டிராயிங் மைகளில் அரக்கு சேர்ப்பார்கள், காகிதத்தில் தண்ணீர் பட்டாலும் அழியாமல் இருக்க. காகிதத்துக்கு நல்லது, கருவுக்கு நஞ்சு. எந்த மை கருவைக் கொல்லாது என்பதை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. ஆனாலும் இப்போதே மையின் மேல் பழி போடாதே. நான் சொல்வது ஊகம். நீ செய்யவேண்டியது இது.

அடுத்த முறை இரண்டு அட்டை கேள். பன்னிரண்டு முட்டையைத் தொடாதே. பன்னிரண்டுக்குச் சன்னல் மட்டும். பன்னிரண்டுக்குச் சன்னலும் மையும். பன்னிரண்டுக்கு எல்லாம். மிச்சம் பன்னிரண்டை உனக்காக வைத்துக்கொள். எதுவும் செலுத்தாமல் திறந்து, உட்கார்ந்து வரை. ஒரு கருவுக்கு அரை மணி நேரம் கொடு. ஃபோட்டோ எடுத்தால் கேமராதான் பார்க்கிறது. வரைந்தால் சோமைட்டை நீயே எண்ணியாக வேண்டும். கடைசி சோமைட்டின் பின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, இதயக்குழல் எந்தப் பக்கம் வளைகிறது, தலை எப்போது இடப்பக்கமாகச் சாயத் தொடங்குகிறது, எல்லாம் கைக்குள் இறங்கிவிடும்.

வழிகாட்டியிடம் "கை வருகிறதா என்று முடிவு செய்ய இந்த எண்கள் வேண்டும் சார்" என்று கேட்டால் அறுபது முட்டைக்கு மறுக்கமாட்டார்.


வரிமீன் | மே 8, காலை 8:00

வேறு ஒரு கோணமும் சொல்கிறேன். விலங்கை மாற்றுவது தோல்வி ஆகாது. நான் கோழியில் ஒரு வருடம் இருந்துவிட்டு ஜீப்ரா மீனுக்கு மாறினேன். மீன் முட்டை கண்ணாடி போல இருக்கும், ஓடு கிடையாது, சன்னல் கிடையாது. முந்தின மாலை ஆண், பெண்ணைத் தடுப்பு வைத்து ஒரே தொட்டியில் விடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் அரை மணி நேரத்தில் முட்டை. முதல் செல் இரண்டாகப் பிளக்க முக்கால் மணி நேரம், அதற்குள் ஊசி போட்டு முடிக்க வேண்டும். ஒரே காலையில் இருநூறு கருவுக்குப் போடலாம். அடுத்த நாள் இதயம் துடிக்கும், மூன்றாம் நாள் பொரிந்து நீந்தும். கங்கைச் சமவெளி மீன் இது, 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தது. நம் நாட்டு மீன் அமெரிக்கா போய் 1981-இல் ஸ்ட்ரைசிங்கர் என்ற விஞ்ஞானியின் கையில் ஆய்வு விலங்காகித் திரும்பி வந்திருக்கிறது.

எட்டு மாதம் வீணாகிவிட்டதே என்று அங்கேயே கிடக்க வேண்டாம் என்பதற்குச் சொன்னேன்.


ஈக்கூடம் | மே 8, காலை 9:25

வரிமீன், மரியாதையோடு மறுக்கிறேன். ஏன் சாகுதுன்னு தெரியாமலே மாறினா, அதே பழக்கத்தைத்தான் மீன் தொட்டிக்கும் கொண்டுபோவாங்க. அங்கேயும் ஊசி போடாத கருக்களைத் தனித் தட்டில் வைக்கணுமே? முதலில் எண்ணட்டும். மாறுறதை அப்புறம் பார்க்கலாம்.


வரிமீன் | மே 8, காலை 9:40

ஒப்புக்கொள்கிறேன். ஊசி போடாத தட்டில் பத்துக்கு மேல் செத்தால் அன்றைய முட்டை மொத்தத்தையும் கொட்டிவிடுவோம், அந்த நாளுக்குக் கணக்கே கிடையாது. பொருநை, அவர் சொல்வதே சரி, முதலில் எண்ணுங்கள்.


பசுமலை | மே 8, மதியம் 2:15

நான் இந்தத் துறை இல்லை, மகள் பயோடெக்னாலஜி படிக்கிறாள் என்பதால் படிக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துடிக்கும் இதயத்தைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதிய அதே பெண், வாரம் முப்பது கருவைத் திறந்து அழிக்கிறாள். மனசு எப்படி ஒத்துக்கொள்கிறது அம்மா?


பொருநை | மே 8, மாலை 6:50

ஐயா, கேட்டதற்கு நன்றி. இங்கே யாரும் யாரிடமும் இதைக் கேட்பதில்லை.

நான் கையாளும் வயதில் கருவுக்கு வலி உணரும் மூளை உருவாகவில்லை, நரம்புக்குழல் இப்போதுதான் மூடிக்கொண்டிருக்கிறது. அது அறிவுக்குத் தெரியும். ஆனாலும் வேலை முடிந்ததும் முட்டைகளை உறைபெட்டியில் வைத்துவிட்டுக் கதவை மூடும்போது சில நொடி நின்றுவிட்டுத்தான் போவேன். ஒப்பீட்டுத் தட்டு வைக்காமல் ஐந்து மாதம் திறந்தேனே, அந்தக் கருக்களெல்லாம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் போய்விட்டன. நேற்றிலிருந்து அதுதான் என்னை அறுக்கிறது.


பழைய விலங்கியல் | மே 9, காலை 6:30

ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பத்திரண்டு வருடம் கருவியல் நடத்தினேன். எங்கள் கல்லூரியில் அடைகாக்கும் பெட்டி வாங்கப் பணம் இல்லாத காலத்தில் மரப்பெட்டிக்குள் அறுபது வாட் பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சமாளித்தோம். இரவில் மின்சாரம் போனால் வாட்ச்மேன் பெட்டியைச் சாக்கால் போர்த்துவார். வாரச் சந்தையில் நாட்டுக்கோழி முட்டை வாங்குவேன். சேவல் உள்ள வீட்டு முட்டையா என்று கேட்டுத்தான் வாங்குவது.

மகளே, ரீட்டா லெவி-மொண்டால்சினியைப் பற்றிப் படித்திருப்பாய். ஒரு பகுதியை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 1938-இல் இத்தாலி இனச் சட்டம் போட்டு யூதர்களைப் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேற்றியது. யூதரான அந்த அம்மாள் டூரின் வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கினார். குண்டு விழத் தொடங்கியதும் கிராமத்துக்குப் போய் அங்கே மிதிவண்டியில் வீடு வீடாக முட்டை கேட்டு வாங்கினார். கோழிக்கருவில் இறக்கையாகப் போகும் மொட்டை வெட்டினால் அந்தப் பக்கத்து நரம்புச் செல்கள் குறைந்துபோவதை அமெரிக்காவில் விக்டர் ஹாம்பர்கர் ஏற்கெனவே கண்டிருந்தார். செல்கள் உருவாவதற்கே தூண்டுதல் இல்லாமல் போகிறது என்பது அவர் விளக்கம். இந்த அம்மாள் நாள்வாரியாகச் சீவி, சாயமேற்றி, வரிசையாகப் பார்த்தார். செல்கள் உருவாகின்றன, பிறகு சாகின்றன என்று கண்டார். 1947-இல் ஹாம்பர்கரே அவரை செயின்ட் லூயிஸுக்கு வரவழைத்துக்கொண்டார். நரம்பு வளர்ச்சிக் காரணி அந்த வழியில் வந்தது, 1986-இல் நோபல். நீ புரட்டும் நிலை அட்டவணையின் ஹாம்பர்கர்தான் அவர்.

ஹில்டே மாங்கோல்டையும் சொல்லவேண்டும். ஃப்ரைபுர்க்கில் கருவியலாளர் ஹான்ஸ் ஸ்பெமானின் மாணவி. ஒரு கருவின் சிறு துண்டை எடுத்து இன்னொரு கருவில் ஒட்டு வைப்பது அவர் வேலை. நீர்ப்பல்லி இனம் முட்டையிடுவது வசந்த காலத்தில் மட்டும், ஆகவே வருடத்துக்குச் சில வாரம்தான் வேலை. நோய்க்கிருமியைத் தடுக்க மருந்து இல்லாத நாள், ஒட்டு வைத்த கருக்கள் பெரும்பாலும் செத்தன. விரல்விட்டு எண்ணும் சிலவற்றை வைத்துத்தான் 1924-இல் அந்தக் கட்டுரை வந்தது, இரண்டாவது உடல் அச்சு ஒன்று, அதாவது ஒட்டிப் பிறந்த இரட்டை போல இன்னொரு உடலின் தொடக்கம், வளர்ந்து நின்ற கருக்கள். அதே வருடம் வீட்டில் அடுப்பு விபத்தில் தீக்காயப்பட்டு இறந்தார், இருபத்தைந்து வயது. ஸ்பெமானுக்கு 1935-இல் நோபல் கிடைத்தது.

பத்தில் மூன்று உனக்குப் பிழைக்கிறதே, அந்த மூன்றையும் பார்த்தாயா? அவற்றில் என்ன இருந்தது?


இலந்தை | மே 9, இரவு 9:05

இந்த இழையைப் பெண்கள் நிறையப் பேர் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் திசை மாறுகிறது, மன்னிக்கவும்.

எந்தச் செல்லில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்க்க மூன்று நாள் சாயமேற்று முறை ஒன்று எல்லாரும் செய்வோம், இன் சிட்டு. கரு ஒரு இரவு முழுக்க எழுபது டிகிரிச் சூட்டில் ஃபார்மமைடு கரைசலில் கிடக்கும். ஃபார்மமைடு வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேடு. நான் மூன்றாம் வருடம் கருவுற்றிருந்தபோது இது தெரியாமல் ஆறு வாரம் அந்தக் கரைசலை வெறும் மேசையிலேயே கலக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் கரு வளர்ச்சியைப் பற்றிப் பேசும் ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் பிஎச்.டி. முடித்துவிட்டு ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் அக்கா புட்டியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். மகன் நன்றாகப் பிறந்தான், இப்போது நாலு வயது. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றும் கை குளிரும்.

கல்யாணமானவர்கள், திட்டம் உள்ளவர்கள், மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் நம்பிக்கையான ஒரு ஆளிடமாவது உடனே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு படியை வேறொருவர் செய்து தரலாம். நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும் கலக்குங்கள், கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள். கருவைப் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடுக்கும் இதே எச்சரிக்கை.

பொருநை, உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா? 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். 37,000, அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000 என்று காகிதத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு தடவை ஏழு மாதம் நின்றுபோய் அப்பாவிடம் வாடகை வாங்கினேன். கையிருப்பு இல்லாமல் இருக்காதே.


பொருநை | மே 9, இரவு 10:15

அக்கா, இந்த வாரம்தான் நான் அந்த முறையைக் கற்றுக்கொள்ள இருந்தேன். நன்றி என்ற ஒரு வார்த்தை போதாது. தொகை மார்ச்சோடு நிற்கிறது. சமாளிக்கிறேன்.

ஐயா, பிழைத்த மூன்றையும் படம் எடுத்து ஒளிர்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்துவைத்தேன். வேறொன்றும் பார்க்கவில்லை. அறுபது முட்டைக்கு அனுமதி கேட்டுவிட்டேன். தலையாட்டினார்.


கருவகம் | மே 11, மதியம் 1:30

கோழிக்கருவில் பிஎச்.டி. முடித்துவிட்டு இப்போது கோவையில் குழந்தைப்பேறு மையம் ஒன்றில் எம்ப்ரியாலஜிஸ்ட். இந்த வழியும் உண்டு என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்துக்குப் பிறகு, சோதனைக்குழாய் முறை செய்யும் பதிவு பெற்ற மையத்தில் கருவியல் படித்தவர் இருந்தாக வேண்டும், ஆகவே ஆள் தேவை இருக்கிறது. கண்ணாடி ஊசியை இழுக்கவும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நுண்ணோக்கிக்குக் கீழே கையை நகர்த்தவும் கோழி முட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது. இங்கே ஐந்தாம் நாள் கருவைக் கருப்பைக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்கப்புறம் நடப்பதை நான் பார்ப்பதில்லை. சம்பளம் நேரத்துக்கு வருகிறது, மாதாமாதம் ஒரு தாயாவது லட்டு டப்பாவோடு வருகிறார். ஆனால் "இந்தச் செல்லை இங்கிருந்து அங்கே வைத்தால் என்ன ஆகும்" என்று கேட்கும் உரிமையை ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் வலிக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், தங்கச்சி.


பொருநை | மே 31, இரவு 8:40

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். எண்களைச் சொல்கிறேன்.

பார்சல் அறைக்கு விடிகாலை ஆறு மணிக்கு நானே போய் நின்றேன். அட்டெண்டர் அண்ணன் நாற்பது ரூபாய் தெர்மோகோல் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்து டிகிரியில் ஒரு நாள் வைத்துவிட்டு அடைக்கு ஏற்றினேன். முதல் மாற்றம் அங்கேயே தெரிந்தது. 36 மணிக்குத் திறந்த முட்டைகளில் ஒன்பதிலிருந்து பதினொரு சோமைட்டுக்குள் எல்லாம் நின்றன. முன்பெல்லாம் ஒன்றில் நாலும் இன்னொன்றில் பதினாறும் இருக்கும்.

தொடாத பன்னிரண்டில் பதினொன்று உயிரோடு. சன்னல் மட்டும் வெட்டியதில் ஒன்பது. மை செலுத்தியதில் மூன்று. மையும் மின்துடிப்பும் சேர்ந்ததிலும் மூன்றுதான்.

மூன்றும் மூன்றும் என்று நோட்டில் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மின்துடிப்பு ஒன்றைக்கூட அதிகமாகக் கொல்லவில்லை. என் ஊசியும் கொல்லவில்லை.

மஞ்சள்கரு அக்கா தனிமடலில் சொன்ன மையைச் சென்னையிலிருந்து வரவழைத்து, உப்புக்கரைசலில் பத்தில் ஒரு பங்காகக் கரைத்துப் போன வாரம் திரும்பச் செய்தேன். பன்னிரண்டில் எட்டு. அந்த எட்டில் ஐந்தில் நரம்புக்குழலின் வலப்பக்கம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. குழலின் நடுக்கோட்டில் கத்தியால் வகுந்த மாதிரி, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இருட்டு. வழிகாட்டியைக் கூப்பிட்டேன். கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் பழைய மைப் புட்டியில் தேதி எழுதி வை, யாரும் எடுக்கக்கூடாது" என்றார். செல் கல்ச்சர் பேச்சை எடுக்கவில்லை. பன்னிரண்டு வரைபடங்களையும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.

ஒரு சந்தேகம். பத்து சோமைட்டில் மின்துடிப்பு கொடுத்து 24 மணி நேரம் கழித்து எண்ணினால், ஒன்றரை மணிக்கு ஒன்று என்ற கணக்கில் இருபத்தாறு இருக்கவேண்டும். ஐந்திலும் இருபத்திரண்டுதான் இருக்கிறது. சன்னல் மட்டும் வெட்டியதிலும் அதே இருபத்திரண்டு. தொடாததில் இருபத்தாறு. மரபணுவால் வந்த தாமதம் இல்லை என்பது தெரிகிறது. அப்புறம் எது?


மஞ்சள்கரு | மே 31, இரவு 11:55

படித்துவிட்டு அழுதேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு சோமைட் என்றால் ஆறு மணி நேரம். முட்டைகளைப் பெட்டியிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்தாயா? ஏசி அறையா? முதல் முட்டைக்குச் சன்னல் வெட்டும் நேரத்தில் கடைசி முட்டை மேசையில் ஆறிக்கொண்டிருக்கும், கரு குளிர்ந்தால் நின்றுவிடும். திரும்பச் சூடேறவும் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு முட்டையும் எத்தனை நிமிடம் வெளியே இருந்தது என்று பென்சிலால் ஓட்டின் மேலேயே எழுது.


பொருநை | ஜூன் 1, காலை 5:20

இருபத்துநான்கையும் ஒரே தடவையில் எடுத்தேன் அக்கா. ஏசி 22-இல் ஓடியது. கடைசி முட்டை மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கும்.

இன்று பெட்டி வருகிறது, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன். நாலு நாலாக எடுக்கிறேன். பென்சில் பையில் இருக்கிறது.